காத்திருப்பும் ஒரு வைத்தியம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பேச்சுப் போட்டியில். பாதியில் மறந்து நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ரீச்சர் வாயசைத்து அடுத்த சொல்லை எடுத்துத் தந்தார். இன்றைக்கும் எடுத்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள் என்ற துணிவில்தான் ஏறியிருக்கிறேன்.

நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசலாம் என்று செயற்குழுவினர் சொன்னார்கள். நான் கழுத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். காரணம் எளியது. மற்ற நோய்களை நான் வைத்தியராக மட்டுமே அறிவேன். கழுத்து டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும் நோவை நோயாளியாகவும் அறிவேன்.

மூன்று வருடங்களுக்கு முன், என் 43ஆவது வயதில், ஒரு நாள் காலையில் வலது தோட்பட்டைக்கு உள்பக்கம் குத்துகிற நோவோடு எழும்பினேன். தலையணை பிசகிப் படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் நோவு தோளைத் தாண்டி, கையின் பின்பக்கமாக இறங்கி, நடுவிரலில் போய் நின்றது. விரல் நுனி விறைத்தது. படுத்தால் கை எரிந்தது. இரவு முழுக்கக் கதிரையில் இருந்தேன். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தால் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

விடியப்புறம் எழும்பி வந்த அம்மா அந்தக் கோலத்தைக் கண்டு திடுக்கிட்டுவிட்டார். "என்ன பிள்ளை இது, தலையில கையை வைச்சுக்கொண்டு? வீட்டுக்குக் கூடாது. எடு கையை!"

நாங்கள் தலையில் கை வைப்பது கப்பல் கவிழ்ந்தால்தான். ஆனால் வைத்திய நூல்களில் அது ஒரு அறிகுறி. கையைத் தலைக்கு மேல் வைக்கும்போது, அழுத்தப்பட்ட கழுத்து நரம்பின் மீதுள்ள இழுவை குறைகிறது. அதனால் நோவு தணிகிறது. என் நோவுக்குக் காரணம் தோள்மூட்டு அல்ல, கழுத்துத்தான் என்று எனக்கு முதலில் காட்டித் தந்தது அம்மாவின் அந்த ஏச்சுத்தான்.

இரண்டாம் கிழமை இன்னொன்று நடந்தது. இடியப்பம் பிழியப் போனேன். உரலை அழுத்த முடியவில்லை. நோவால் அல்ல; கையை நீட்டி அழுத்தும் பலமே இல்லை. அப்போதுதான் உண்மையில் பயந்தேன். இடியப்பத்துக்காக அல்ல. வாட்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்க வேண்டும். அதற்கு வேண்டியதும் அதே பலம்தான். இனி என்னால் அது முடியுமா?

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தோம். கழுத்தின் ஆறாம், ஏழாம் என்புகளுக்கு இடையில் உள்ள டிஸ்க் வலப்பக்கமாகப் பிதுங்கி, ஏழாம் கழுத்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கழுத்தில் ஏழு முள்ளந்தண்டு என்புகள் உள்ளன. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை அவை தாங்குகின்றன. முதலாம், இரண்டாம் என்புகளுக்கு இடையில் டிஸ்க் இல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு இரண்டு என்புகளுக்கு இடையிலும் ஒன்று உண்டு. அதன் அமைப்பை விளங்க மோதகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான நார் வளையம். உள்ளே நீர் நிறைந்த மென்மையான பொருள். வயதோடும் பாவனையோடும் வெளி வளையத்தில் சிறு வெடிப்புகள் வரும். மோதகத்தின் மா வெடித்துப் பயறு எட்டிப் பார்ப்பது போல, ஒரு நாள் உள்ளே இருப்பது வெளியே வரும். அது வரும் இடத்தில் ஒரு நரம்பு போய்க்கொண்டிருந்தால், அந்த நரம்பு போகும் வழி முழுக்க நோகும். ஆறாம் நரம்பானால் பெருவிரல் பக்கம், ஏழாம் நரம்பானால் நடுவிரல், எட்டாம் நரம்பானால் சின்னவிரல்.

எங்கள் ஊரில் இதை "டிஸ்க் விலகிவிட்டது" என்கிறோம். அந்தச் சொல்லால் வந்த வினை கொஞ்சமல்ல. விலகியது என்றால், யாராவது பிடித்துத் தள்ளித் திரும்ப அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஒன்றும் விலகுவதில்லை. வெளியே வந்ததை ஒருவராலும் உருவி உள்ளே அனுப்பவும் முடியாது.

அப்படியானால் வெளியே வந்தது என்ன ஆகும்? இதுதான் இன்றைய பேச்சின் மையம். பெரும்பாலும் உடம்பே அதைச் சுருக்கிவிடும், பல வேளைகளில் கரைத்தும் விடும்.

டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. அதனால் உடம்பின் காவல் கலங்களுக்கு அதனோடு பழக்கமில்லை. அது வெளியே வந்ததும், அந்நியர் ஒருவர் வளவுக்குள் வந்துவிட்டார் என்று அவை திரண்டு வருகின்றன. அவ்விடத்தில் அழற்சி உண்டாகிறது. புதிய நுண் இரத்தக் குழாய்கள் வளர்கின்றன. அவற்றின் வழியே வரும் விழுங்கு கலங்கள் அந்தத் துண்டைச் சிறிது சிறிதாகத் தின்கின்றன. இன்னொரு பக்கம், துண்டில் உள்ள நீர் வற்றி அது சுருங்குகிறது. முதல் கிழமைகளில் எங்களைத் தூங்கவிடாத நோவுக்குப் பெரிய காரணம் அந்த அழற்சி. துண்டை அகற்றுவதும் அதே அழற்சிதான்.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: ஸ்கானில் பெரிதாகத் தெரிகிற, வளையத்தை முற்றாகக் கிழித்துக்கொண்டு வந்த துண்டுகள்தான், சிறிதாக உப்பி நிற்பவற்றைவிட அதிகம் கரைகின்றன. இரத்தக் குழாய்கள் அவற்றை எளிதாக எட்டுவதே காரணம். ஆகவே ஸ்கான் அறிக்கையில் "பெரியது" என்ற சொல்லைக் கண்டவுடன் மனம் உடைய வேண்டியதில்லை.

இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில், 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்புவேர் நோவு வந்த 561 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. கடைசியாகப் பார்த்தபோது, எல்லோரையும் சேர்த்து 90 வீதமானோர் நோவே இல்லாமலோ சிறு தொந்தரவோடு மட்டுமோ இருந்தார்கள். 1996இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு சிறியது: கழுத்து டிஸ்க் பிதுங்கிக் கைநோவு வந்த 26 பேரில் 24 பேர் சத்திரசிகிச்சை இல்லாமலே தேறினார்கள்.

"வெட்டினால் உடனே சுகம்தானே, டொக்டர்?" என்று கேட்பவர்களுக்காக ஒன்று. சுவீடனில் மூன்று மாதத்துக்கு மேல் கைநோவோடு இருந்த 81 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்திரசிகிச்சை, ஒன்றுக்கு இயன்மருத்துவப் பயிற்சி, ஒன்றுக்குக் கழுத்துப்பட்டி. நாலு மாதமளவில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் நோவு நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் முடிந்தபோது மூன்று குழுவுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. சத்திரசிகிச்சை கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. அது விரைவான வழி. தேவைப்பட்டவருக்கு நல்ல வழி. ஆனால் பலருக்கு அது ஒன்றே வழி அல்ல.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். எந்த நோவும் இல்லாத 1,211 ஜப்பானியரின் கழுத்தை ஸ்கான் செய்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 88 வீதமானோருக்கு ஏதோ ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. இந்த மண்டபத்தில் உள்ள எல்லோரையும் இன்றைக்கே ஸ்கான் செய்தால் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் நிம்மதியாகப் போகமாட்டோம். ஸ்கானில் தெரிவதெல்லாம் நோயல்ல. நோவு, விறைப்பு, பலவீனம், ஸ்கான் ஆகிய நாலும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் அதற்குப் பொருள்.

இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன். இருந்தும் பயந்தேன். என்னைப் பரிசோதித்த சத்திரசிகிச்சை நிபுணர், "முண்ணாணில் அழுத்தம் இல்லை. பலம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஆறு கிழமை பார்ப்போம். ஆனால் பலம் இன்னும் குறைந்தால் அடுத்த நாளே வாருங்கள்" என்றார். அந்த "அடுத்த நாளே" என்ற சொல்தான் எனக்குத் தூக்கத்தைத் தந்தது. என்னை விட்டுவிடவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை.

அந்த இரவுகளில் ஒரு தையல்கார அம்மா அடிக்கடி நினைவுக்கு வந்தார். சில வருடங்களுக்கு முன் இதே நோவோடு என் கிளினிக்குக்கு வந்தவர். வெளியே நீண்ட வரிசை. "பயப்படாதேங்கோ அம்மா, தானா மாறிவிடும்" என்று குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகியிராது. நான் சொன்னது தவறல்ல. ஆனால் எத்தனை நாளில் மாறும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிழமையில் மாறாததால், நான் ஏதோ மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். ஏழெட்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக வந்தபோது சொன்னார்: எண்ணெய் பூசி உருவினார்களாம், கழுத்தைத் திருப்பி முறித்தார்களாம், இரண்டு தரம் கொழும்புக்குப் போனாராம், சங்கிலியை அடகு வைத்தாராம். "இப்ப நோ இல்லை டொக்டர். ஆனா சங்கிலி இன்னும் வங்கியிலதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்கிலிக்கு நானும் பொறுப்பு.

அன்று அவருக்குச் சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, எவ்வளவு காலம்? கடுமையான நோவு பெரும்பாலும் முதல் சில கிழமைகளில் தணியத் தொடங்கும். 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பெரிய முன்னேற்றம் முதல் நாலு முதல் ஆறு மாதத்துக்குள் வருகிறது. முழுமையாகத் தேற இரண்டு, மூன்று வருடம் எடுக்கலாம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அப்படித் தேறுகிறார்கள். நேர்கோடாகக் குறையாது. இரண்டு நல்ல நாள், ஒரு கெட்ட நாள் என்று வரும். கெட்ட நாள் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் போவது நோவு. பலம் பிறகு வரும். விறைப்புத்தான் பெரும்பாலும் கடைசியாகப் போகும்.

இரண்டாவது, காத்திருக்கும்போது என்ன செய்வது? படுத்த படுக்கையாக இருக்க வேண்டாம். நோவு விடும் அளவுக்கு நடமாடுங்கள். நெதர்லாந்தில் நோவு தொடங்கி ஒரு மாதமும் ஆகாத 205 பேரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துப்பட்டியோ இயன்மருத்துவமோ பெற்றவர்களுக்கு முதல் ஆறு கிழமையில் நோவு விரைவாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் எல்லோரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். ஆகவே பட்டியை ஆரம்பத்தில் சில கிழமை அணியலாம். மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசை மெலியும். நோவுக் குளிசையை வைத்தியரிடம் கேட்டே எடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகம் தந்த குளிசை உங்கள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கூடாததாக இருக்கலாம். நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் திருவுவது, தண்ணீர் வாளி தூக்குவது போன்றவற்றைக் கொஞ்ச நாளைக்கு வீட்டு ஆண்களிடம் கொடுங்கள். அவர்களுக்கும் நல்லது. கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதற்கு மட்டும் ஒருவருக்கும் இடம் கொடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் நாடிகள் கழுத்து என்புகளின் ஊடாகவே போகின்றன. இரவில் தாங்க முடியாவிட்டால் கையைத் தலையில் வையுங்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: எப்போது காத்திருக்கக் கூடாது?

எங்களில் பலருக்குக் கற்பித்த ஒரு ரீச்சரின் கதை இது. அவரின் அனுமதியோடு சொல்கிறேன். ஓய்வு பெற்றுச் சில வருடத்தில் அவருக்குச் சட்டைக் கொளுக்கி பூட்டக் கை தடுமாறத் தொடங்கியது. கரும்பலகையில் அச்சுப்போல எழுதிய கை, கையெழுத்துக் கோணியது. நடந்தால் பஞ்சின் மேல் நடப்பது போல இருந்தது. நோவு இல்லை. நோவு இல்லாதபடியால் வயதுதான் காரணம் என்று ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருந்தார். ரீச்சருக்குப் பிதுங்கிய டிஸ்க்கும் வளர்ந்த என்பும் நரம்பை அல்ல, நடுவே போகும் முண்ணாணையே அழுத்திக்கொண்டிருந்தன. அது தானாக மாறும் என்று காத்திருக்கக் கூடிய ஒன்றல்ல. சத்திரசிகிச்சை செய்தார்கள். நோய் மேலும் கூடாமல் நின்றது. நடை திருந்தியது. கையெழுத்து மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு எனக்கு அழைப்பிதழ் அனுப்பியபோது உறையில் பெயரை அவர்தான் எழுதியிருந்தார். அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ஒரு வருடம் முந்தி யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன்.

ஆகவே பிள்ளைகளே, இதைக் கொப்பியில் எழுதுங்கள். கை, கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால்; பொத்தான் பூட்டவோ எழுதவோ கை தடுமாறினால்; நடை தள்ளாடினால்; சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால்; விழுந்து அல்லது விபத்தில் அடிபட்ட பின் கழுத்து நொந்தால்; கழுத்து நோவோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தால்; முன்பு புற்றுநோய் வந்தவரானால், காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல், ஆறு முதல் பன்னிரண்டு கிழமை நல்ல சிகிச்சைக்குப் பிறகும் தாங்க முடியாத நோவு இருந்தாலும், சத்திரசிகிச்சை பற்றி நிபுணரோடு பேசுவதில் தவறில்லை. அது தோல்வி அல்ல.

இனி என் கதையை முடிக்கிறேன். நாலாம் கிழமை முதல்முறையாகப் படுத்து நித்திரை கொண்டேன். பத்தாம் கிழமையளவில் கைநோவு பெரும்பாலும் போய்விட்டது. பலம் வர ஐந்து மாதம். நடுவிரல் நுனி எட்டு மாதம்வரை விறைத்தே இருந்தது. ஒரு நாள் காலை சமையலறையில் அம்மாவோடு கதைத்துக்கொண்டே இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். மூன்று தட்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன், உரலை வலது கையால் அழுத்துகிறேன் என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாவை இன்னும் கொஞ்சம் அள்ளி உரலுக்குள் வைத்தார்.

திரும்ப ஸ்கான் எடுக்கவில்லை. கை சொன்ன சாட்சி போதுமாக இருந்தது. அதன் பிறகு வாட்டில் நெஞ்சை அழுத்த வேண்டியும் வந்தது. அழுத்தினேன்.

இப்போது கிளினிக்கில் இந்த நோவோடு வருபவர்களுக்கு அரை நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் கொடுக்கிறேன். என்ன நடந்தது, எவ்வளவு காலம் எடுக்கும், எப்போது ஓடி வரவேண்டும் என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறேன். வரிசை நீளமாகிறது என்று தாதியருக்கு என் மேல் கொஞ்சம் மனவருத்தம். இந்தப் பாடசாலையில் எங்களுக்கு விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தவர்கள் அப்படி நேரம் பார்க்கவில்லை.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். நான் தொடங்கியதில் இருந்து கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கும் அந்த மூன்றாம் வரிசை அக்காவிடம் இருந்து தொடங்கலாம்.